பருத்திக்கொட்டை: மலையில் மாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கமிருந்தும், மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். தவிட்டைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. பருத்திக்கொட்டை மூட்டையில் கை வைத்ததும் ஆரம்பித்துவிடும். மலையில் பருத்தி விளைவதில்லை. செடியைப் பார்க்காமல் மூட்டையை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் கடை அனுபவத்திலும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் வந்தவை.

1. பருத்திக்கொட்டைன்னா என்னண்ணே, பருத்திக் காயா, காய்க்குள்ள இருக்கிற விதையா?

விதைதான். பருத்திக் காய் வெடித்தால் உள்ளே நாலைந்து சுளை இருக்கும். சுளைக்கு ஏழெட்டு விதை, ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பஞ்சு. விதையோடு சேர்ந்த இந்தப் பஞ்சைத்தான் காட்டில் பருத்தி என்று எடுக்கிறார்கள். வியாபாரிகள் கப்பாஸ் என்பார்கள். ஜின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்த பிறகு மிஞ்சுவது பருத்திக்கொட்டை.

மிஞ்சுவது என்று சொன்னதால் கழிவு என்று நினைத்துவிட வேண்டாம். 100 கிலோ பருத்தியில் பஞ்சு 33 முதல் 36 கிலோதான். 60 கிலோவுக்கு மேல் கொட்டை. எடையில் பார்த்தால் பருத்திச் செடி பஞ்சைவிடக் கொட்டையைத்தான் அதிகம் காய்க்கிறது.

2. விதைக் கடையில பாக்கெட்ல பருத்தி விதைங்கிறான், நீங்க மூட்டையில பருத்திக்கொட்டைங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதான?

பொருள் ஒன்று. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பயன்படுத்தினால் மாடு செத்துவிடலாம். அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

பாக்கெட்டில் வருவது விதைப்புக்கானது. இப்போது வரும் பி.டி. (புழு தாக்காமலிருக்க மரபணு மாற்றிய பருத்தி) பாக்கெட் 475 கிராம் இருக்கும். பஞ்சுப் பிசிரைக் கந்தக அமிலத்தில் எரித்து நீக்கி, கழுவிக் காயவைத்து, பூச்சிக்கொல்லியும் பூசணக்கொல்லியும் கலந்த சாயத்தைப் பூசி விடுவார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று கண்ணைப் பறிக்கிற நிறமாக இருப்பதே இதைத் தின்னாதே என்று சொல்வதற்குத்தான். அடிவாரத்தில் தோட்டம் உள்ள உறவுக்காரர்கள், விதைத்தது போக மிச்சத்தை மாட்டுக்குப் போடு என்று கொடுத்துவிடுவது உண்டு. வாங்காதீர்கள். பத்துத் தண்ணீரில் அலசினாலும் அந்த மருந்து போகாது.

மூட்டையில் வருவது தீவனத்துக்கானது. மருந்து கிடையாது, பிசிர் அப்படியே இருக்கும். எந்த ரகம், எந்தக் காட்டுப் பருத்தி என்று யாருக்கும் தெரியாது. பல ஊர்ச் சரக்கு மில்லில் ஒன்றாகக் கலந்துவிடும்.

3. அப்ப பருத்திப் புண்ணாக்கு எது?

கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் வரும் சக்கை. கொட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். மில்லில் அழுத்திப் பிழிந்த பிறகும் புண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் தங்கும்.

புண்ணாக்கிலும் இரண்டு உண்டு. தோலோடு ஆட்டியதில் புரதம் 22, 24 சதவீதம் அளவில் இருக்கும். தோலை நீக்கிவிட்டு ஆட்டியதில் 36-க்கு மேல் போகும். கடையில் புண்ணாக்கு என்று மட்டும் கேட்டால் தோலோடு ஆட்டியதுதான் கைக்கு வரும். விலையைக் கடலைப் புண்ணாக்கோடு ஒப்பிடுமுன் எந்த வகை என்று கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. சில மூட்டையில கொட்டை வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கு, சிலதுல கறுப்பா வழவழன்னு இருக்கு. எது நல்லது?

மாட்டுக்கு வெள்ளைதான் நல்லது. நம் ஊரில் அதிகம் விளைவது அமெரிக்க இனப் பருத்தி. அதன் கொட்டையில் நீளப் பஞ்சு போனபிறகும் குட்டையான பிசிர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசிர் பழைய பஞ்சோ தூசியோ கிடையாது. அதுவும் நார்ச்சத்து, மாட்டுக்குச் செரிக்கும். பிசிர் இருப்பதால் கொட்டை மாட்டின் பெரிய வயிற்றில் புல்லோடு சிக்கி நிற்கும். மாடு திரும்ப மேலே கொண்டுவந்து மென்று உடைக்கும்.

கறுப்புக் கொட்டை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சாணியில் முழுசாகக் கிடப்பது இதுதான். 1974-ல் கோயம்புத்தூரில் உருவாக்கிய சுவின் போன்ற மிக நீள இழை ரகங்களின் கொட்டை இயல்பிலேயே இப்படித்தான் இருக்கும். மில்லில் பிசிரைச் சுரண்டி எடுத்துவிட்ட கொட்டையும் இப்படி வரும். கறுப்பு வந்தால் ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். சத்தில் குறைவு இல்லை.

5. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம்?

பத்து லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து. பெரிய உருப்படி, நிறையக் கறப்பது என்றால் இரண்டு, மிஞ்சிப்போனால் இரண்டரை. சின்ன உருவத்து நாட்டு மாட்டுக்கு அரைக் கிலோவே போதும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கால் கிலோவில் தொடங்கி, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள்.

அதிகம் போட்டால் பால் கூடுமே என்பார்கள். கூடாது. எண்ணெய் அளவு மீறினால் பெரிய வயிற்றில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும்; தின்ற புல் வீணாகும். சாணி இளகி மினுமினுவென்று வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. படியால் அளப்பவர்கள் கவனியுங்கள். பிசிர்க் கொட்டை உப்பலாக இருக்கும், படி நிறைந்தாலும் எடை நிற்காது. கறுப்புக் கொட்டை அதே படியில் கூடுதலாக நிற்கும். உங்கள் படியை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கொட்டை மட்டும் போட்டாப் போதாதா? தவிடு, தாது உப்பெல்லாம் எதுக்கு?

கொட்டையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல், எண்ணெய் 18 முதல் 20 சதவீதம், நார் கால் பங்கு. ஒரே பொருளில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். மேல்மலையில் மார்கழி, தை உறைபனியில் கிக்குயுப் புல் கருகிப்போகும் சமயத்தில் கொட்டைக்குக் கிராக்கி ஏறுவது இதனால்தான். ஆனால் கொட்டையில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பச்சைப்புல்லில் கிடைக்கும் வைட்டமின் ஏ-யும் இதில் கிடைக்காது. கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கட்டாயம்.

7. ராத்திரியே ஊற வெச்சு ஆட்டுக்கல்லுல அரைச்சு ஊத்துறதுதான் எங்க மாமியா வழக்கம். இப்ப அப்படியே போடுங்கிறாங்க. எது சரிங்க?

மாமியார் செய்ததில் தப்பு இல்லை. பல் தேய்ந்த கிழ மாட்டுக்கும், கறுப்புக் கொட்டைக்கும் இன்றும் அதுதான் சரி. மற்றபடி பிசிர்க் கொட்டையை நல்ல பல் உள்ள மாட்டுக்கு அப்படியே போடலாம். காரணம் 4-ல் சொல்லியிருக்கிறேன். முழுசாகப் போகும்போது எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மைய அரைத்து ஊற்றினால் மொத்தமாக இறங்கும். 5-ல் சொன்ன தொந்தரவு அதில்தான் சீக்கிரம் வரும். ஆகவே அரைப்பதாக இருந்தால் அளவைக் குறையுங்கள், கொரகொரப்பாக அரையுங்கள்.

ஊறவைத்தால் தோல் இளகும், மாடு விரும்பித் தின்னும். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீர் சீக்கிரம் இறங்காது, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரி ஊறியதைக் காலையிலேயே தீர்த்துவிடுங்கள். சாயங்காலத்துக்கு என்று வைத்தது புளித்து நுரைத்திருந்தால் குப்பைக்குழிதான்.

8. கொட்டையை உடைச்சுப் பாத்தா உள்ள கறுப்புக் கறுப்பா புள்ளி. பூசணம் புடிச்ச மூட்டையத் தலையில கட்டிட்டீங்களே?

இந்தக் கேள்வியோடு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒரு கொட்டையை எடுத்து, பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளியே காப்பி நிறத்தில் கெட்டித் தோல். உள்ளே விதையிலைகள் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கசங்கி மடிந்து கிடக்கும், நிறம் வெண்ணெய்க் கட்டி மாதிரி. அதில் ஊசி முனை அளவுக்குக் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளிகள் சீராக இறைந்திருக்கும். அவை பருத்தி தானே வைத்துக்கொள்ளும் சுரப்பிகள். பூச்சி தின்னாமலிருக்க செடி அதில் ஒரு நஞ்சைச் சேர்த்து வைக்கிறது. பெயர் காசிபோல்.

பூசணம் வேறு மாதிரி இருக்கும். புள்ளியாக இராது, பருப்பே பழுத்துக் கறுத்து, தொட்டால் உதிரும், அல்லது பிசிர் பச்சையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கில் வைத்தால் மண்ணடியில் கிடந்த ஈர வாடையோ சிக்கெண்ணெய் வாடையோ வரும். புள்ளி இருக்கிறது, பருப்பு வெளிறி இருக்கிறது, வாடை இல்லை என்றால் அது நல்ல கொட்டை.

9. நஞ்சுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் மாடு எப்படித் திங்குது?

அசைபோடுவதால். பெரிய வயிற்றில் காசிபோலின் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் இழந்துவிடும். எடுத்துக்கொள்ளும் அளவு 5-ல் சொன்ன எல்லைக்குள் இருக்கும்வரை வளர்ந்த மாட்டுக்குப் பயமில்லை.

கன்றுக்குட்டிக்கு அந்த வயிறு இன்னும் தயாராகியிருக்காது. அது குடிக்கும் பால் நேரே நாலாம் வயிற்றுக்குப் போகிறது; கொட்டை தின்றால் நஞ்சைத் தடுக்க ஆளில்லை. நான்கு மாதம் வரை கொட்டையும் வேண்டாம், பருத்திப் புண்ணாக்கும் வேண்டாம். இந்த நஞ்சு ஒரே நாளில் காட்டாது. வாரக்கணக்கில் சேர்ந்து இதயத்தைத் தாக்கும். கன்று மூச்சிரைக்கும், இளைக்கும், ஒருநாள் திடீரென்று விழும். மாற்று மருந்து கிடையாது. தாய்க்கு வைத்த தொட்டியில் கன்று வாய் வைக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் தீவனத்தை நிறுத்திவிட்டு 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

10. ஏரிப் பக்கம் சவாரிக்கு விடுற குதிரை எளச்சுப்போச்சு. கொட்டை போட்டா உடம்பு ஏறுமா?

குதிரை அசைபோடாது. 9-ல் சொன்ன பாதுகாப்பு அதற்குக் கிடையாது. வளர்ந்த குதிரை கொஞ்சம் தாங்கும் என்பார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஆளைச் சுமந்து ஓடும் பிராணிக்கு இதயத்தைப் பதம் பார்க்கும் தீவனம் எதற்கு? ரோடு இல்லாத மலை ஊர்களுக்குச் சுமை ஏற்றும் மட்டக்குதிரை, கோவேறு கழுதைக்கும் இதே பதில். கொள்ளை வேகவைத்துக் கொடுங்கள். குதிரைக்காரர் என்று தெரிந்தால் நான் கொட்டை விற்பதில்லை.

11. கோழி, பன்னி, ஆடு?

வெள்ளாடும் செம்மறியும் அசைபோடும் சாதி. வளர்ந்ததற்குத் தினம் 200 கிராமுக்குள், குட்டிக்கு வேண்டாம். பன்றிக்கு ஆகவே ஆகாது. முயலுக்கும் வேண்டாம். நாயும் இந்த நஞ்சைத் தாங்காது; கொட்டை அரைத்த உரலை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழி இரண்டு கொட்டையைக் கொத்தினால் ஒன்றும் ஆகிவிடாது. தொடர்ந்து தின்றால் முட்டையில் தெரியும். காசிபோல் மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து அதைப் பச்சையாக்கிவிடும். கொட்டை எண்ணெயிலுள்ள வேறொரு கொழுப்பு அமிலத்தால் வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாகும். வைத்த முட்டையில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். பேய் முட்டை, கண்ணேறு என்று கழித்துப் போடுகிறார்கள். முதலில் கோழி எங்கே மேய்கிறது என்று பாருங்கள்.

12. கொட்டை போட்டா பால் டிகிரி ஏறும்னு சொல்லித்தான் வாங்கினேன். சொசைட்டியில டிகிரி எறங்கிருச்சே?

டிகிரி என்று நாம் சொல்வது லாக்டோமீட்டர் காட்டும் அளவு. அது பாலின் அடர்த்தியைப் பார்க்கிறது. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. பாலில் கொழுப்பு ஏறினால் டிகிரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கொட்டை கூட்டுவது கொழுப்பை. புரதமும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த இதரச் சத்தை அது அவ்வளவாகத் தொடாது.

சொசைட்டியில் கொழுப்பையும் இதரச் சத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு விலை போட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை, சீட்டில் கொழுப்புக் கட்டத்தைப் பாருங்கள். டிகிரியை மட்டும் பார்த்து வாங்கும் பால்காரரிடம் ஊற்றினால் கொட்டைக்குக் கொடுத்த காசு திரும்பாது. இதரச் சத்து குறைவாக இருக்கிறது என்றால் மாவுச்சத்து போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கொட்டையைக் கூட்டாமல் மக்காச்சோளத்தைக் கூட்டிப் பாருங்கள்.

13. கொட்டை திங்கிற மாட்டு வெண்ணெய் கல்லு மாதிரி இருக்கு. கலப்படம்னு வாங்குறவங்க சொல்றாங்க.

கலப்படம் இல்லை. கொட்டை எண்ணெய் பால்கொழுப்பின் தன்மையை மாற்றி, வெண்ணெயைக் கெட்டியாக்கும். கொடைக்கானல் குளிரில் அது இன்னும் கல்லாகும். பருத்திக் கொட்டையே பிரதானத் தீவனமாக உள்ள சௌராஷ்டிரம் மாதிரிப் பகுதிகளில் நெய்யின் வேதிக் குணமே மாறுவதால், பருத்தி வட்டார நெய் என்று தர அளவைத் தனியாக வகுத்திருக்கிறார்கள்.

14. சினை மாட்டுக்குப் போட்டா கன்னு வீசிருமாமே?

அளவோடு போட்ட நல்ல கொட்டையால் சினை கலையாது. பருத்தி வேர்ப்பட்டையைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திய நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. அதிலிருந்து கொட்டைக்கும் இந்தப் பேர் வந்திருக்கலாம். உண்மையில் சினை மாட்டுக்கு ஆபத்து பூசணக் கொட்டையில்தான் (16 பார்க்க). கறவை வற்றிய மாதங்களில் அளவைப் பாதியாக்குங்கள், அவ்வளவு கொழுப்பு அப்போது தேவையில்லை.

காளை விஷயம் வேறு. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் காளைக்கும் கிடாவுக்கும் கொட்டையைத் தொடர்ந்து போடக்கூடாது. விந்தணு பாதிக்கும்.

15. மூட்டைக்குள்ள கைய விட்டா சூடா இருக்கு. என்னண்ணே இது, அடியில நெருப்பா?

கிட்டத்தட்ட அப்படித்தான். கொட்டை உயிருள்ள விதை, மூச்சு விடும். ஈரம் ஏறினால் மூச்சு வேகமாகும், கூடவே பூசணமும் வேலையை ஆரம்பிக்கும், சூடு பிறக்கும். சூட்டில் எண்ணெய் உடைந்து சிக்கு வாடை வரும். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும் கொட்டைதான் மாதக்கணக்கில் நிற்கும். அடிவாரத்தில் 10-ல் இருந்த மூட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய்க்குள் வேர்த்துக்கொண்டே மலை ஏறி, மஞ்சு இறங்கும் கொட்டகையில் இரண்டு வாரம் கிடந்தால் எங்கே நிற்கும்? கீழே விருவீட்டுக்காரருக்குக் கெடாத அதே சரக்கு கூக்காலில் கெடுவது இதனால்தான்.

தரையிலோ சுவரை ஒட்டியோ மூட்டையை வைக்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து அரை அடி தள்ளி. பிளாஸ்டிக் தாளால் இறுக்கிப் போர்த்தாதீர்கள், உள்ளே வேர்க்கும். அடுப்புப் பரண் உள்ள வீடுகளில் பரண்தான் சிறந்த இடம். புகையும் அனலும் காயவைத்துக்கொண்டே இருக்கும். வெயில் அடித்த நாளில் வாயைத் திறந்து கையை முழங்கைவரை விட்டுப் பாருங்கள். சூடு தட்டினால் அன்றைக்கே கொட்டி விரித்துவிடுங்கள். விலை மலிவு என்று மழைக்காலத்துக்கு ஆறு மூட்டை வாங்கி அடுக்காதீர்கள். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள்.

வெளியே திண்ணையில் வைக்கவும் வேண்டாம். காட்டுப்பன்றியும் காட்டுமாடும் தேடி வரும். வந்த பிறகு வனத்துறைக்குப் போன் போடுவதைவிட உள்ளே வைப்பது சுலபம்.

16. கொஞ்சம் பூசணம்தான். கழுவிக் காயவெச்சுப் போட்டா என்ன?

பூசணத்தைக் கழுவலாம். அது சுரந்துவிட்ட நஞ்சைக் கழுவ முடியாது. அஃப்லாடாக்ஸின் என்று பெயர், கொதிக்க வைத்தாலும் அழியாது. மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பால் குறையும். அதோடு நிற்பதும் இல்லை. தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும். அந்தப் பாலை உங்கள் வீட்டுப் பிள்ளையும் குடிக்கும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமை இருபது லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

கெட்ட கொட்டையை நல்லதோடு கலந்து ஒப்பேற்றுவதும் இதே கதைதான். எருக்குழியில் போட்டு மண் மூடுங்கள், ஒன்றாந்தர எரு ஆகும்.

17. போடி பக்கமிருந்து இலவங்கொட்டை மலிவா வருது. அதுவும் பருத்திக்கொட்டை மாதிரிதான?

இலவம் மரம், பருத்தி செடி. இரண்டும் ஒரே குடும்பம், பஞ்சும் உண்டு, அதோடு ஒற்றுமை முடிந்தது. இலவங்கொட்டை உருண்டையாக, கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பஞ்சு அதில் ஒட்டாது, தட்டினால் தனியாக உதிரும். 11-ல் முட்டையைச் சிவக்கவைக்கும் கொழுப்பு அமிலம் என்றேனே, அது இதில் இன்னும் அதிகம். பருத்திக்கொட்டைக்கு எழுதிய அளவை இதற்குப் பொருத்தாதீர்கள். நான் விற்பதில்லை.

18. இந்தக் கொட்டையையே நம்ம தோட்டத்துல ஊன்றி வெச்சா?

சூடேறாத கொட்டை என்றால் கொஞ்சம் முளைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பருத்திக்கு நல்ல வெயிலும், பனி விழாத ஐந்தாறு மாதமும் வேண்டும். மேல்மலையில் காயே பிடிக்காது. அடிவாரத்தில் முளைத்தாலும், வீரிய ஒட்டின் பிள்ளை ஆளுக்கொரு சாடையில் வளரும்.

பிசிரோடு விதைக்கும் பழக்கம் இருந்த காலத்தில் கொட்டையைச் சாணிப்பாலும் செம்மண்ணும் சேர்த்துத் தேய்த்து உலர்த்துவார்கள்; பிசிர் படிந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் வரும். இப்போது அதே வேலைக்கு ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி கந்தக அமிலம். அதை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.

19. பருத்திப்பால் காய்ச்சுறதுக்கு உங்க மூட்டையிலிருந்து கால்படி அளந்து குடுங்கண்ணே.

கொடுக்க மாட்டேன் என்றால் கோபிக்கிறார்கள். மாட்டுக்கு வரும் கொட்டை மில் தரையில் குவித்து, சாக்கில் அடைத்து, லாரியில் கிடந்து வருவது. மனிதருக்கு என்றால் மளிகைக் கடையில் சுத்தம் செய்து விற்பதை வாங்குங்கள். பாக்கெட் விதையைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள் (2 பார்க்க).

மதுரையில் வண்டி வைத்து விற்கும் பதம் இதுதான்: கொட்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஆட்டி, துணியில் இரண்டு மூன்று முறை பிழிந்து பால் எடுக்க வேண்டும். பச்சரிசி மாவு கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகுமட்டும் கைவிடாமல் கிண்டிக் கொதிக்கவிட்டு, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், கடைசியில் தேங்காய்த் துருவல். நன்றாகக் கொதிப்பது ருசிக்கு மட்டும் வேண்டியதில்லை; வெப்பத்தில் காசிபோலின் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்து அடங்கும். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ குடிக்க வேண்டாம். சளிக்கு மருந்தா என்று கேட்டால், சுக்கு தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பதுவரை நான் சொல்லலாம்.

20. ஆம்பளைங்க குடிச்சா பிள்ளை பிறக்காதுன்னு வாட்ஸப்புல வருதே?

அந்தச் செய்திக்கு ஒரு மூலம் இருக்கிறது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய கிராமங்களில் குழந்தைப்பேறு இல்லாமல் போனது. காரணம் காசிபோல் என்று கண்டதும், 1970-களில் அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். சிலருக்கு உடலில் பொட்டாசியம் ஆபத்தாக இறங்கியது, சிலருக்கு மாத்திரையை நிறுத்தியும் விந்தணு திரும்பவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அவர்கள் தினம் தின்றது பிரித்தெடுத்த மருந்து, அல்லது தினமும் மூன்று வேளை சமைத்த பச்சை எண்ணெய். எப்போதாவது ஒரு டம்ளர் கொதித்த பருத்திப்பாலை அதோடு சேர்த்துப் பேச முடியாது. தினமும் சொம்பு சொம்பாகக் குடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், அவ்வளவுதான். கடையில் விற்கும் சுத்திகரித்த எண்ணெயில் காசிபோலை நீக்கிவிடுகிறார்கள்.

21. எல்லாம் பி.டி. கொட்டைதான இப்ப? அந்தப் பாலைக் குடிக்கலாமா?

ஆமாம், 2002-ல் அனுமதி வந்தபிறகு இந்தியப் பருத்தியில் பெரும்பகுதி பி.டி.தான், மூட்டையில் பி.டி. இல்லாத கொட்டையாகப் பொறுக்கிக் கொடு என்றால் முடியாது. பி.டி. புரதம் சில வகைப் புழுக்களின் குடலில் வேலை செய்வது. மாட்டு வயிற்றில் மற்றப் புரதம் மாதிரி உடைந்துவிடும். மாடு, எருமை, ஆடு, கோழிகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில் பாலிலோ உடம்பிலோ கெடுதல் காணவில்லை.

2006-ல் வாரங்கல் பக்கம் பருத்திக் காட்டில் மேய்ந்த ஆடுகள் செத்ததைச் சொல்வார்கள். செத்தது உண்மை. பி.டி. என்று ஒரு தரப்பும், செடியில் அடித்த மருந்தும் நைட்ரேட்டும் என்று இன்னொரு தரப்பும் வாதாடியது. என் பயம் மருந்து பற்றித்தான். அடிவாரத்தில் அறுவடை முடிந்த பருத்திக் காட்டில் ஆட்டை விடுமுன் கடைசியாக என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள்.

22. நஞ்சே இல்லாத பருத்திக்கொட்டை கண்டுபிடிச்சுட்டாங்களாமே, உங்க கடைக்கு எப்ப வரும்?

கண்டுபிடித்தது உண்மை. 1950-களிலேயே சுரப்பி இல்லாத பருத்தியை உருவாக்கினார்கள். நஞ்சு செடி முழுக்க இல்லாமல் போனதால் பூச்சியும் எலியும் புகுந்துவிட்டன, விவசாயிகள் கைவிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் கீர்த்தி ராத்தோர் குழு, இலையிலும் தண்டிலும் நஞ்சை விட்டுவைத்து, விதையில் மட்டும் அடக்கும் வழியை 2006-ல் வெளியிட்டது. அங்கே 2018-ல் பயிரிடவும், 2019-ல் உணவாகப் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தது.

நம் ஊர்ச் சந்தைக்கு அது வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூடுதல் விலைக்கு மூட்டை விற்றால் 8-ல் சொன்ன மாதிரி ஒரு கொட்டையை அறுத்துப் பாருங்கள். புள்ளி இருந்தால் பழைய சரக்குதான்.